எங்கையக்கா

அவரோடு நடந்தால் கால் நோகும், கதைத்தால் தலை நோகும். இரண்டு நோவையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்த்துப் பட்டவள் நான்.

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. எனக்குத் தெரியும், ஆனால் எழுதமாட்டேன். 'எங்கையக்கா' என்றால் போதும். புடவைக்கடையிலும் மீன்கடையிலும் சலூனிலும் ஆள் பிடிபட்டுவிடும். யார் என்ன கதை சொன்னாலும் அது முடிகிற இடத்தில் ஒரு கேள்வியைக் கொண்டுபோய் வைப்பார். "எல்லாம் சரி, அந்தக் கதையிலை பொம்பிளையள் எங்கை?" அதனால் வந்த பட்டப்பெயர். நக்கலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைக் கேள்விப்பட்டு, "பரவாயில்லை, ஆளை மறந்தாலும் கேள்வி ஞாபகம் இருக்கும்" என்றார்.

ஒருமுறை மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு அண்ணை தாங்கள் பாரிசுக்கு வந்துசேர்ந்த கதையை ஆரம்பித்தார். எல்லைகள், காடு, குளிர், ஒரே அறையில் முறை வைத்துப் படுத்தது, விடிய விடியக் கோப்பை கழுவியது. நன்றாகத்தான் சொன்னார், எனக்கே கண் கலங்கிற்று. அக்கா நின்றபடியே தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "எல்லாம் சரி அண்ணை, அப்ப உங்கடை மனிசி எங்கை?" என்றார்.

"அவ ஊரிலை நிண்டவ."

"நிண்டு?"

"நிண்டு பிள்ளையளைப் பாத்தவ."

"ஆமி வீட்டை வந்து உங்களைத் தேடேக்கை ஆர் வாசலுக்குப் போய் மறுமொழி சொன்னது?"

அண்ணை கையில் இருந்த வடையைப் பார்த்தார். "அது நான் கேக்கேல்லை" என்றார். கடைக்காரர்தான் பாவம், "அக்கா, தேத்தண்ணி ஆறுது" என்று சமாளித்தார்.

இப்படி நல்ல கதையைக் குழப்பிவிடுவார். எனக்குச் சில வேளை விசர் பிடிக்கும்.

அப்போது அவருக்கு ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். சேலை உடுத்தாலும் காலில் ஓட்டக்காரர் போடும் சப்பாத்துத்தான். கழுத்தில் மாதா படம் பொறித்த சின்ன வெள்ளிப் பதக்கம். மெத்ரோவில் இருக்கை காலியாகக் கிடந்தாலும் கதவடியில்தான் நிற்பார். நிலையம் வருவதற்கு முன்பே கைபிடியில் கை இருக்கும். வாரநாட்களில் ஆஸ்பத்திரி, மெரி என்கிற நகரசபை என்று எங்கள் ஆட்களுக்குப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கிற வேலை. படித்தது சரித்திரம், இங்கே பாரிஸ் பல்கலைக்கழகத்தில். சரித்திரம் படித்து என்ன கண்டாய் என்று யாராவது கேட்டால், "ஆரைக் காணேல்லை எண்டு கண்டனான்" என்பார்.

அவரைப் பற்றிய கதைகளிலும் ஆண் கதை, பெண் கதை என்று இரண்டு உண்டு. சலூனில் முடி வெட்டுகிறவர்கள், புருசனை விட்டுவிட்டு வந்தவர் என்பார்கள். புடவைக்கடையில், கன்னியர்மடத்திலிருந்து வெளிக்கிட்டவர் என்பார்கள். இரண்டும் சுத்தப் பொய். புருசன் மன்னாரில் காலமாகிக் கன காலம். இரண்டு கதையும் அவர் காதுக்கு வந்தது. ஒன்றையும் அவர் மறுக்கவில்லை; மறுக்க நின்றால் நேரம் போய்விடும் என்று நடந்துவிடுவார்.

நான் அப்போது லா சப்பலில் விமான ரிக்கற் விற்கிற கடையொன்றில் கவுண்டரில் நின்றேன். கோடையில் கனடா, லண்டன், சுவிஸிலிருந்து சொந்தங்களைப் பார்க்க வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வான் வண்டியில் ஏற்றிப் பாரிஸ் காட்டுவதும் கடையின் வேலை. சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் என் பொறுப்பு. பிரெஞ்சுப் பொலிசோடு வாகனம் நிறுத்துகிற இடத்துக்காகச் சண்டை பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று முதலாளி எங்கையக்காவை வழிகாட்டியாகப் பிடித்தார். பிடித்துவிட்டுக் கவலைப்பட்டார் என்றுதான் சொல்லவேண்டும். வருகிறவர்களுக்கு ஈஃபிள் கோபுரத்தின் முன்னால் படம் எடுக்கவேண்டும், அவ்வளவுதான். இவர் அவர்களை லூவ்ருக்கு எதிரே உள்ள பழைய கோயிலடியில் இறக்கிவிடுவார்.

"இந்தக் கோயில் மணி அடிச்சுத்தான் துவங்கினது" என்று ஆரம்பிப்பார். பழைய வேதக்காரருக்கும் புது வேதக்காரருக்கும் இந்த நாட்டில் நடந்த சண்டையை எங்கள் ஆட்களுக்கு அவர் அப்படித்தான் சொல்லுவார்; கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்றால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். ஓர் இரவு மணி அடித்ததும் பாரிஸ்க்காரர் தங்கள் அயலட்டையில் இருந்த புது வேதக்காரரைத் தேடித் தேடிக் கொன்றதையும், செய்ன் ஆற்றில் தூக்கிப் போட்டதையும் கையைக் காட்டிக் காட்டிச் சொல்லுவார். கேட்கிற ஆட்கள் ஆற்றைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு ஐயா, "மெய்யே, பெரிய ஆக்கள் ஆரார் செத்தவை?" என்று கேட்டார்.

"பெரிய ஆக்களிலை ராசவீட்டு ஆம்பிளையள் ரெண்டு பேரைக் கூப்பிட்டு, பூசைக்கு வாறியளோ, சாகிறியளோ எண்டு கேட்டவங்கள், ஐயா. அவை பூசைக்கு வாறம் எண்டிட்டுத் தப்பிட்டினம். தையல்காரன்ரை பெஞ்சாதியிட்டை ஆர் கேட்டது? அவளை யன்னலாலை எறிஞ்சவங்கள். ஆம்பிளையைக் கொண்டால் ஒரு ஆள் போச்சு. பொம்பிளையைக் கொண்டால் வயித்திலை இருக்கிறதும் போச்சு. அதுவும் கணக்குத்தான்."

ஐயாவின் மனைவி, சோறு சாப்பிட முதல் இந்தக் கதை வேண்டாம் என்று என்னைப் பார்த்துச் சைகை காட்டினார். நான் என்ன செய்ய? பார்சலைக் கொடுத்தேன்.

இன்னொரு நாள் லூவ்ருக்கு வடக்கே, வரிசையாக ஜப்பான்காரரின் நூடில்ஸ் கடைகள் இருக்கிற தெருவில் ஆட்களை நிறுத்தினார். கடைவாசலில் இளம் பிள்ளைகள் கியூவில் நின்றார்கள். பழைய காலத்தில் இந்தத் தெருவில் ஒரு வீடு இருந்ததாம். புது வேதத்தை விடமாட்டோம் என்ற குடும்பங்களின் பெண் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிடித்துக்கொண்டு வந்து, மனம் மாறும்வரைக்கும் கன்னியாஸ்திரிகளிடம் விட்டு வைத்திருந்த வீடு.

"ஆம்பிளைப் பிள்ளையளுக்கும் வேறை வீடு இருந்ததுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனா அரசாங்கத்துக்குப் பெட்டையளிலைதான் கண். ஏனெண்டால் தகப்பன்மார் கெட்டிக்காரர். சொத்து அவையின்ரை பேரிலை, வேலை அவையின்ரை பேரிலை. அதைக் காப்பாத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்க் கடைசி வாங்கிலை குந்திப்போட்டு வருவினம். வீட்டிலை பிள்ளையளுக்குப் பழைய செபத்தைச் சொல்லிக் குடுக்கிறது ஆர்? தாய். அப்ப தாயைப் பிடி, நாளைக்குத் தாயாகப் போறதையும் பிடி. அவர் பூசைக்குப் போய்ச் சொத்தைக் காப்பாத்துவார், இவ வீட்டிலை இருந்து வேதத்தைக் காப்பாத்துவா. மாட்டுப்பட்டால் மடத்துக்குள்ளை போறது இவ."

"அப்ப இஞ்சை சோறு கிடைக்காதோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவுக்கும்தான். சும்மா சொல்லக்கூடாது, அவருக்குச் சிரிக்கத் தெரியும்.

அவர் வாய் மூடியிருந்ததை நான் ஒரே ஒரு தடவை கண்டிருக்கிறேன். லூர்து மாதாவிடம் போகிற பயணம் அது. எங்கள் ஆட்களில் சைவக்காரர், வேதக்காரர் எல்லோரும் லூர்துக்குப் போவார்கள். மாதாவிடம் கேட்க அதெல்லாம் தடையில்லை. வானுக்குள் பெண்கள்தான் கூட. நெடும் பாதையில் அக்கா கதவோரம் பிடித்தபடி, பாதி நின்று பாதி குந்திக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். புது வேதத்தை விடாத ஆண்களை அரசன் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பினானாம், காலில் சங்கிலியோடு. பெண்களைத் தெற்கே கடலோரம் ஒரு கோபுரத்துக்குள் அடைத்தானாம். விட்டுவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் வெளியே வரலாம். சொல்லாமலே கிழவிகள் ஆனவர்கள் அதற்குள் இருந்தார்களாம். பைபிள் வைத்திருந்தால் குற்றம் என்ற காலத்தில், பெண்கள் விரல் அளவுப் புத்தகத்தைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு காட்டுக்குள் களவாக நடந்த செபக் கூட்டங்களுக்குப் போனார்களாம்.

வானுக்குள் கொண்டை போட்டிருந்த எல்லோருடைய கையும் தன்னாலே தலைக்குப் போனது. அப்போதுதான் சுவிஸிலிருந்து வந்த ஒரு அம்மா மெல்லச் சொன்னார்.

"நானும் கொண்டு வந்தனான். சண்டை முடிஞ்சு வன்னியாலை வெளியிலை வரேக்கை. தாலியைக் கழட்டிக் கொண்டைக்குள்ளை வைச்சுத்தான் ஆமிச் சென்ரி கடந்தனான். இவரைப் பிறம்பாய்ப் பிரிச்சுக் கொண்டுபோனவங்கள். தாலி வந்திட்டுது."

அக்கா கேள்வி கேட்பார் என்று பயந்தேன். ஐயோ, இந்த இடத்தில் வேண்டாமே என்று நினைத்தேன். அவர் எழும்பிப் போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், வான் ஆட ஆட நின்றுகொண்டார். நெடுநேரம் கழித்துத்தான் கேட்டார்.

"கொண்டைக்குக் கிளிப் என்ன மாதிரிக் குத்தினீங்கள், விழாமல்?"

அந்த அம்மா விளக்கமாகச் சொன்னார். இரண்டு பேரும் அதைப் பற்றியே, பின்னல் போட்டுச் சுற்றுவதா, சுற்றிவிட்டுப் பின்னுவதா என்று அடுத்த ஊர் வரைக்கும் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வி கடைசியில் என் வீட்டுக்குள்ளும் வந்தது.

ரெஜி மன்னார்ப் பெடியன். சின்ன வயதில் இங்கே வந்தவர். தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற வகை. தாய் மடு மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போக என்று எங்கள் கடைக்கு ரிக்கற் எடுக்க வந்து, ரிக்கற் எடுத்த பிறகும் வந்து, பிறகு வர ஒரு சாட்டும் இல்லாமலே வந்துகொண்டிருந்தார். எனக்கும் பிடித்துப்போய்விட்டது. அவருடைய தாய் பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருந்தார். நல்ல மனிசி, போகும்போது மீன்குழம்பு கட்டித் தராமல் விடமாட்டார். ஆனால் ஒரு சொல்லில் நின்றார். கலியாணத்துக்கு முதல் கௌரி, அதாவது நான், வேதத்துக்கு வரவேண்டும், ஞானஸ்நானம் எடுக்கவேண்டும். பெயரும் பார்த்து வைத்திருந்தார், பிலோமினா என்று.

'வேதத்துக்கு வாறது' என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள். ஏதோ அடுத்த வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வருவதுபோல. எங்கள் சைவ ஆட்கள் மட்டும் என்ன, திறமோ? ஒரு மன்னார்ப் பெட்டை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் முதல் நாளே நெற்றியில் பொட்டை ஒட்டிப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். பக்கத்து ஊர் ஓல்னேயில் இருந்த என் அம்மா இரவிரவாக அழுதுவிட்டு விடியச் சொன்னார்: "பொம்பிளைப் பிள்ளை போற இடத்துக்குப் போறதுதானே, பிள்ளை." மாமாமார் அதையே சொன்னார்கள். நானும் அதையே சொல்லிப் பழகினேன். தண்ணிதானே, தலையில் ஊற்றினால் காய்ந்துவிடும்.

ஆனால் காய்கிற விசயமில்லை அது. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பா தினமும் என் முகத்தை நிமிர்த்தி, "கண்ணை மூடு" என்று சொல்லித் திருநீறு பூசிவிடுவார். கண்ணுக்குள் விழாமல் மெல்ல ஊதிவிடுவார். அப்பா போய்ப் பல வருசம். இங்கே வேலைக்கு வெளிக்கிடும்போது, பவுடரோ திருநீறோ என்று தெரியாத அளவுக்கு ஒரு கிள்ளு எடுத்துப் பூசிக்கொள்வேன். அதை விட எனக்கு மனமில்லை. கௌரி என்பதும் அவர் வைத்த பெயர். இதை ரெஜியிடம்கூட நான் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் கலியாணம் குழம்பும் என்று பயம். அவ்வளவு விருப்பம் எனக்கு அந்த மனுசனில்.

அந்த நாட்களில்தான் ஒரு ஞாயிறு, நொத்ர் தாம் கோயிலின் முன்வெளியில் அக்கா ஒரு கலியாணக் கதை சொன்னார். அந்தப் படுகொலைக்குச் சில நாள் முந்தி நடந்த கலியாணமாம். பழைய வேதத்து இளவரசியை, தெற்கிலிருந்து வந்த புது வேதத்துச் சின்ன ராசாவுக்குக் கட்டி வைத்தால் சண்டை முடியும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்களாம். மாப்பிள்ளை பூசை காணமாட்டேன் என்று வெளியே நிற்க, பெண் உள்ளே போனாளாம்.

"சம்மதமோ எண்டு குருவானவர் கேக்க, பெட்டை வாய் திறக்கேல்லையாம். தமையன்காரன், அவன்தானே நாட்டுக்கு ராசா, பின்னாலை நிண்டு தலையைப் பிடிச்சு அமத்தினவனாம். தலை குனிஞ்சுது. அதையே ஓம் எண்டு எடுத்திட்டினம். மெய்யோ பொய்யோ தெரியாது, ஆனா இந்த ஊர்க்காரர் சொல்லுற கதை இது. பிறகு வெட்டுக்கொத்து நடக்கேக்கை ரெண்டு பக்கமும் அவளைத்தான் நம்பேல்லை. புது வேதக்காரருக்கு இவள் பழைய வேதம், பழைய வேதக்காரருக்கு இவள் புது வேதக்காரன்ரை பெஞ்சாதி."

"அப்ப மாப்பிள்ளை?" என்று லண்டன் பெண் ஒருத்தி கேட்டாள்.

"அவர் மாறினவர். உயிரைக் காப்பாத்த ஒருக்கால். பிறகு திரும்பிப் போய், பிறகு இன்னொருக்கால் மாற முழுப் பாரிசும் கிடைச்சுது."

"பொம்பிளை மாறினால் என்ன அக்கா கிடைக்கும்?"

"மாமி" என்றார் அக்கா.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிய எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வானை அனுப்பிவிட்டு லா சப்பல் தெருவால் நடக்கும்போது அவருக்குப் பின்னால் ஓடி ஓடி, என் விசயத்தைச் சொன்னேன். மாறப்போகிறேன், ஒன்றும் பெரிய காரியமில்லை, இதை வைத்துப் பகிடி பண்ணவேண்டாம் என்றேன்.

அவர் நடையைக் குறைக்கவில்லை. "அவர் எங்கை மாறுறார்?"

"அவர் ஏன் மாறோணும்?"

"அப்ப நீ ஏன்?"

"எனக்கு விருப்பம்" என்றேன்.

"விருப்பமெண்டால் நல்லது. நான் கும்பிடுற மாதா, நான் வேண்டாமெண்டு சொல்லுவனோ? ஆரும் கேட்டவையோ, விருப்பமோ எண்டு?"

"உங்கடை சரித்திரத்தை என்ரை கலியாணத்துக்குள்ளை கொண்டுவராதேங்கோ அக்கா!" தெருவில் நின்று கத்திவிட்டேன். மரக்கறிக் கடைக்காரர் முருங்கைக்காயும் கையுமாக எட்டிப் பார்த்தார். அக்கா நடந்துகொண்டே போய்விட்டார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. லெ பிளாங்-மெனில் பங்குக் கோயிலில் இருந்த பிரெஞ்சுக் குருவானவர் என்னோடு கதைத்துப் பார்க்கவேண்டும் என்றார். என் பிரெஞ்சு அப்போது ரிக்கற் விற்கத்தான் காணும். ரெஜியின் தாய், "எங்கடை வேதக்கார மனிசி ஒண்டு இருக்கு, நல்லாய்ப் பிரெஞ்சு கதைக்கும்" என்று மொழிபெயர்க்க ஆள் பிடித்துக்கொண்டு வந்தார். யாரை? எங்கையக்காவைத்தான். அக்கா என்னைத் தெரிந்த மாதிரியே காட்டவில்லை. வேலைக்கு வந்தால் அவர் அப்படித்தான், நேரே நிற்பார், இருக்கமாட்டார்.

குருவானவர் பிஸ்கற் தட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு ஏதோ கேட்டார். அக்கா தமிழில் சொன்னார்: "ஞானஸ்நானம் எடுக்கிறது உம்முடைய சொந்த விருப்பமோ எண்டு பாதர் கேக்கிறார்."

நான் தலையாட்டினேன்.

எங்கள் ஆட்களின் தலையாட்டல் தெரியும்தானே. மேலும் கீழுமில்லை, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஒரு சாய்ப்பு. குருவானவரின் முகம் மாறிப்போயிற்று. பிரெஞ்சுக்காரருக்குத் தலை பக்கவாட்டில் போனால் இல்லை என்று அர்த்தம். அவர் இரண்டு கையையும் மேசையில் வைத்து, இந்தப் பெண் வேண்டாம் என்கிறாள் என்றார்.

"ஐயோ, ஓம் எண்டெல்லோ ஆட்டினவள்!" ரெஜியின் தாய் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பாதருக்குச் சொல்லுங்கோ, ஓம் எண்டு சொல்லுங்கோ!"

"நான் தலையை மொழிபெயர்க்கிறேல்லை" என்றார் அக்கா. "வாயாலை சொல்லட்டும், சொல்லுறன்."

"உதென்ன கதை? எங்கடை ஆக்கள் தலையாட்டினால் என்ன அர்த்தமெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும். ஓம் எண்டும் அர்த்தம். பாப்பம் எண்டும் அர்த்தம். வேறை என்ன செய்யிறது எண்டும் அர்த்தம். என்னை விடுங்கோ எண்டும் அர்த்தம். இதிலை எதை நான் பாதருக்குச் சொல்ல?"

இதையெல்லாம் அவர் குருவானவருக்கும் பிரெஞ்சில் சொன்னார் போலிருக்கிறது. அந்த மனுசன் தன் தலையையும் ஒருமுறை அப்படி ஆட்டிப் பார்த்தார். ரெஜி குனிந்து தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் எங்கை?"

முதல்தடவையாக அந்தக் கேள்வி ஓர் ஆம்பிளையைத் தேடிப் போனதைக் கண்டேன். ரெஜியின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவளுடைய விருப்பம்தான் அம்மா, என்று பிரெஞ்சில், அரைக்குரலில் சொன்னார். கேட்டும் கேளாத மாதிரித்தான். ஆனால் சொன்னார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சரி என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். வேண்டாம் என்றால் ரெஜி போய்விடலாம். அப்பாவின் மூச்சு நெற்றியில் பட்டதுபோல இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், விடுங்கள்.

"எனக்குக் கலியாணம் விருப்பம்" என்றேன். "இது விருப்பமில்லை."

அக்கா அதை இரண்டு சின்ன வசனங்களில் பிரெஞ்சில் சொன்னார். கூட ஒரு சொல் இல்லை, குறைய ஒரு சொல் இல்லை.

குருவானவர் பெரிதாகச் சிரித்தார். கலியாணத்துக்கு ஞானஸ்நானம் கட்டாயமில்லையாம், ஆயரிடம் அனுமதி எடுத்தால் போதுமாம். அதைத்தான் தான் முதலில் சொல்ல வந்தாராம், யாரும் சொல்ல விடவில்லையாம். ரெஜியின் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பிறக்கிற பிள்ளையள்?" என்று கேட்டார். அதற்கு அந்த அறையில் மறுமொழி இருக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் இல்லை. கலியாணம் நடந்தது. மாமி வந்தார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான், ஆனால் வந்தார். மகள் பிறந்த பிறகு நானும் மாமியும் பிடிக்கிற சண்டையில் ரெஜி மறுபடியும் தரைவிரிப்பைப் பார்ப்பார். மகளோ இரண்டு பக்கத்துச் சாமிகளையும் பிரெஞ்சில் கும்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறாள்.

அக்காவுக்குத்தான் அதன் பிறகு சரிவரவில்லை. கலியாணத்தைக் குழப்புகிற மனிசி என்று பெயர் பரவியது. கலியாணம் நடந்தே விட்டதே என்று நான் எவ்வளவோ சொன்னேன், யார் கேட்டார்கள்? முதலாளியும் ஞாயிற்றுக்கிழமை வானுக்கு ஈஃபிள் கோபுரம் மட்டும் காட்டுகிற ஒரு பெடியனைப் பிடித்தார். ஒரு நாள் தெற்கே ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். சொல்லிக்கொண்டு போகவில்லை. அது எனக்கு இன்னும் மனவருத்தம்தான்.

ஆனால் அன்றைக்குப் பங்குக் கோயிலிலிருந்து இரண்டு பேரும் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். மழைத் தூறல். நான் நன்றி சொன்னேன். "நான் என்ன செய்தனான், வேலை செய்தனான்" என்றார். அவருடைய பதக்கத்தைப் பார்த்துவிட்டு, பிறவி வேதக்காரரான நீங்கள் எனக்காக மாமியோடு மல்லுக்கு நின்றீர்களே என்றேன்.

"ஆர் சொன்னது பிறவி எண்டு? நான் சைவவீட்டுப் பிள்ளை. கலியாணத்துக்குத்தான் மாறினது. காலமை ஞானஸ்நானம், பின்னேரம் தாலி."

முழு லா சப்பலுக்கும் தெரியாத விசயம் அது. அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி, கதவு திறக்கும் இடத்துக்கு நேரே போய் நின்றுகொண்டார்.

"உங்களுக்கு அப்ப விருப்பமில்லையோ அக்கா?"

"இதைத்தான் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். "உன்னட்டைப் பாதர் கேட்டவர், பிழையாய் விளங்கினாலும் கேட்டவர். என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஊத்தி, பேரை வைச்சு, கூட்டிக்கொண்டு வந்தவை. அப்பாவிட்டைக் கேட்டவை. அண்ணாவிட்டைக் கேட்டவை."

"கேட்டிருந்தால்?"

ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. அவர் ஏறாமல் நின்றார். அவர் அப்படி நின்று நான் கண்டதேயில்லை.

"ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன், பிள்ளை. மாதாவிலை எனக்கு அப்பவும் விருப்பம், இப்பவும் விருப்பம். ஓம் எண்டு சொல்லுறதுக்கு ஆயத்தமாய்த்தான் போய் நிண்டனான்."